கேட்டைத் திறக்கும் முன்

பூட்டை உடைத்து உள்ளே வருகிறவர்களைப் பற்றிப் போன அத்தியாயத்தில் பார்த்தோம். இந்த அத்தியாயம், அழைப்பு மணியை அடித்து, செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, "அம்மா" என்று வாய் நிறையக் கூப்பிட்டுக்கொண்டு வருகிறவர்களைப் பற்றியது. இவர்களைப் பற்றிய செய்தி தினசரிகளில் எப்போதும் ஒரே வாசகத்தோடு வரும்: மூதாட்டியின் கவனத்தைத் திசைதிருப்பி நூதன முறையில் நகை திருட்டு. படிக்கிறவர்கள் "இப்படியுமா ஏமாறுவாங்க" என்று கேட்டுவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டுகிறார்கள்.

அந்தக் கேள்வி தவறானது. அது திருடனுக்குத்தான் உதவுகிறது. இந்தத் திருட்டில் ஏமாறுகிறவர்கள் புத்தி குறைந்தவர்கள் இல்லை, நன்றாக வளர்க்கப்பட்டவர்கள். வீடு தேடி வந்தவரை வாசலில் நிற்க வைத்துப் பேசக் கூடாது, தண்ணீர் கேட்டால் இல்லை என்று சொல்லக் கூடாது, அரசாங்க ஆள் என்றால் எதிர்த்துப் பேசக் கூடாது, சாமி பெயரைச் சொன்னால் தட்டக் கூடாது. நம் அம்மாக்களும் பாட்டிகளும் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவை இவை. மணியை அடிக்கிறவன் நம்பி வருவது இந்தப் பழக்கங்களைத்தான். ஆகவே, எந்தத் தாழ்ப்பாள் வாங்குவது என்பதோடு, யாரிடம் எப்படி மறுத்துப் பேசுவது என்பதையும் இங்கே விரிவாகச் சொல்லப்போகிறேன்.

அவன் வரும் நேரம் பெரும்பாலும் காலை பத்தரைக்கும் மதியம் மூன்றுக்கும் இடையில். வேலைக்குப் போகிறவர்கள் போயிருப்பார்கள், பிள்ளைகள் பள்ளியில் இருப்பார்கள், தெரு அடங்கியிருக்கும். முதல் தடவையே திருட வருவதில்லை. துடைப்பம் விற்கவோ, முகவரி விசாரிக்கவோ ஒரு சுற்று வந்திருப்பான். வாசலில் எத்தனை வண்டி நிற்கிறது, கொடியில் யாருடைய துணி காய்கிறது, பகலில் கேட் பூட்டியிருக்கிறதா என்பதெல்லாம் அந்தச் சுற்றிலேயே தெரிந்துவிடும். பேச்சுக் கொடுத்து, மகன் எங்கே வேலை பார்க்கிறான், மருமகள் எப்போது வருவாள் என்பதையும் தெரிந்துகொண்டிருப்பான். மறுநாள் வருகிற "அதிகாரி" உங்கள் மகன் பெயரைச் சொல்லிப் பேசினால் அதில் அதிசயம் எதுவும் இல்லை. அவனுக்கு அந்தப் பெயர் தெரியும் என்பதை வைத்து அவனை நம்பிவிட வேண்டாம்.

நகை பாலிஷ்

தமிழ்நாட்டில் வாசல் மோசடி என்றால் முதலில் இதைத்தான் சொல்ல வேண்டும். எத்தனையோ ஆண்டுகளாக இது ஓயாமல் நடக்கிறது. இதன் அடிப்படையைப் புரிந்துகொண்டவர் ஏமாறுவது கடினம் என்பதால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

நன்றாக உடுத்திய இரண்டு பேர், தோளில் ஒரு பை. பித்தளைப் பாத்திரம் பளபளக்கச் செய்கிற புதுப் பவுடர், கம்பெனி விளம்பரத்துக்காக இலவசமாகச் செய்து காட்டுகிறோம் என்பார்கள். நீங்கள் கொடுக்கும் குத்துவிளக்கு நிஜமாகவே பளிச்சென்று ஆகும். அடுத்து வெள்ளிக் கொலுசு. அதுவும் புதிதுபோல் ஆகும். இந்த இரண்டிலும் மோசடி கிடையாது. நம்பிக்கை வருவதற்காகச் செய்யப்படும் வேலை அது. மூன்றாவதாகத்தான் "கழுத்துச் சங்கிலி அழுக்கா இருக்கே அம்மா" என்று ஆரம்பிப்பார்கள்.

இங்கிருந்து கதை இரண்டு வழியில் போகும். முதல் வழியில் சங்கிலியை ஒரு திரவத்தில் முக்கி எடுப்பார்கள். அது இராஜ திராவகம். நைட்ரிக் அமிலமும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் ஒன்றுக்கு மூன்று என்ற அளவில் கலந்தது. தனித்தனியாக இந்த இரண்டு அமிலங்களாலும் தங்கத்தை ஒன்றும் செய்ய முடியாது, சேர்ந்துவிட்டால் கரைத்துவிடும். கரைந்த தங்கம் அந்தத் திரவத்திலேயே இருக்கும். வீட்டுக்குப் போய் ரசாயனம் சேர்த்து அதைப் பிரித்தெடுத்துக்கொள்வார்கள். உங்கள் கைக்குத் திரும்பி வருவது அதே சங்கிலி, அதே வடிவம், முன்பைவிடப் பளபளப்பு. நாலு பவுன் என்றால் 32 கிராம். அதில் ஐந்தாறு கிராம் போயிருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. மாதங்கள் கழித்து அடகுக் கடைத் தராசில்தான் தெரியவரும். அப்போது வந்தவர்களின் முகம்கூட நினைவில் இருக்காது.

இரண்டாவது வழியில் நகை மொத்தமாகப் போகும். மஞ்சள் தூள் கலந்த தண்ணீரில் நகையைப் போட்டு, டப்பாவிலோ குக்கரிலோ மூடி, அடுப்பில் வைக்கச் சொல்வார்கள். "கொதிச்சு ஆறின பிறகுதான் திறக்கணும், முன்னாடியே திறந்தா கறுத்துடும்" என்பார்கள். மஞ்சள் நீர் உள்ளே இருப்பதை மறைக்கும். ஆற வேண்டும் என்ற நிபந்தனை அவர்கள் தெருமுனையைத் தாண்டுவதற்கான அவகாசம். மூடியைத் திறந்தால் உள்ளே நகை இருக்காது.

உங்கள் வீட்டில் ஒரே ஒரு விதி வைத்துக்கொள்ளலாம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்: வாசலுக்கு வந்த எவர் கையிலும் தங்கம் போகக் கூடாது. காரணம் எதுவானாலும் சரி. தங்கம் அழுக்கானால் பூந்திக்கொட்டை ஊறிய தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டு, மிருதுவான பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினால் போதும். அதற்கு மேல் வேண்டுமென்றால் வாங்கிய கடைக்கே கொண்டுபோய், முன்னும் பின்னும் எடை போடச் சொல்லி, எதிரில் உட்கார்ந்து பாலிஷ் போட்டு வாங்குங்கள்.

நகையைக் கழற்றச் சொல்கிற குரல்

பாலிஷ்காரன் கேட்காமலே கிடைக்கிற ஒரு சேவையைத் தருகிறான். இன்னும் சிலர் உங்கள் நன்மைக்காகவே நகையைக் கழற்றச் சொல்வார்கள்.

கோயிலுக்கோ காய்கறி வாங்கவோ நடந்துபோகிற பெண்மணியின் அருகில் ஒரு வண்டி நிற்கும். மிடுக்கான ஒருவர், "நாங்க மஃப்டி போலீஸ். முன் தெருவுல இப்பத்தான் செயினை அறுத்துட்டுப் போனானுங்க. இப்படி நகை போட்டுட்டுப் போறீங்களே, கழட்டிப் பையில வைங்க" என்று கடிந்துகொள்வார். அதே நேரத்தில் அந்த வழியாக வருகிற இன்னொரு ஆளையும் நிறுத்தி அதையே சொல்ல, அவர் பணிந்து தன் சங்கிலியைக் கழற்றிக் கொடுப்பார். போலீஸ்காரர் அதைக் காகிதத்தில் மடித்துத் திருப்பித் தருவார். அந்த வழிப்போக்கர் அவர்களுடைய ஆள். இதைப் பார்த்த பிறகு உங்கள் கை தானாகக் கழுத்துக்குப் போகும். உங்கள் நகையும் அதே மாதிரி மடித்து உங்கள் பைக்குள் வைக்கப்படும். வீட்டுக்கு வந்து பிரித்தால் கூழாங்கல் இருக்கும்.

உண்மையான போலீஸ்காரர் உங்களை எச்சரிக்கலாம். உங்கள் நகையைத் தன் கையில் வாங்கி மடித்துத் தர மாட்டார். அப்படிக் கேட்கிறவரிடம், "ஸ்டேஷனுக்கே வர்றேன் சார், அங்க கழட்டுறேன்" என்று சொல்லிவிட்டுப் பக்கத்திலிருக்கும் கடைக்குள் ஏறிவிடுங்கள். கடையில் ஆள் இருந்தால் போதும். அங்கிருந்தே 100 அல்லது 112.

இதைவிடக் கொடுமையானது ஒன்று இருக்கிறது. தனியாக வாழ்கிற வயதான பெண்ணிடம், "பாட்டி, முதியோர் உதவித்தொகை வாங்கித் தர்றேன்" என்று ஆரம்பிப்பது. மாதம் 1,200 ரூபாய் என்பது அவருக்குப் பெரிய தொகை. ஆட்டோவில் ஏற்றிக்கொண்டுபோய் அரசு அலுவலகத்துக்கோ வங்கிக்கோ வெளியே நிறுத்தி, "இவ்வளவு நகை போட்டிருந்தா வசதியான ஆள்னு மனுவைத் தள்ளிடுவாங்க. கழட்டிக் குடுங்க, நான் வெச்சிருக்கேன், நீங்க போய்க் கையெழுத்து போட்டுட்டு வாங்க" என்பார்கள். அவர் உள்ளே போய்த் திரும்புவதற்குள் ஆட்டோ போயிருக்கும். 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் தொடங்கிய பிறகு, இந்தப் பேச்சுக்கு இன்னொரு திட்டத்தின் பெயரும் கிடைத்துவிட்டது. போனது பெரும்பாலும் அவர் கழுத்தில் இருந்த ஒரே சங்கிலி. மருத்துவச் செலவுக்கும் ஈமச் செலவுக்கும் என்று அவர் பிள்ளைகளிடம்கூடக் கொடுக்காமல் வைத்திருந்தது. உங்கள் தெருவில் இப்படித் தனியாக இருக்கும் பாட்டியிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள்: மனு கொடுப்பது தாலுகா அலுவலகத்திலோ இ-சேவை மையத்திலோ, அங்கே பார்ப்பது காகிதத்தை, கூட வருவதற்கு ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன். இந்தக் கடைசி வாக்கியம் மிகவும் முக்கியம். முன்பின் தெரியாதவனோடு அவர் ஆட்டோ ஏறுவது, தெரிந்தவர்கள் யாரும் வராததால்தான்.

தோஷம், கண்டம், செய்வினை என்று சொல்லி வருகிறவர்களும் இதே வேலையைத்தான் செய்கிறார்கள். கலசத்துக்குள் நகையை வைத்துப் பூஜை, மேலே சிவப்புத் துணி, 48 நாள் திறக்கக் கூடாது என்ற கட்டளை. நம்பிக்கை உங்களுடையது, அதில் நான் குறுக்கிடவில்லை. பரிகாரம் செய்தே ஆக வேண்டும் என்று மனம் சொன்னால், நீங்கள் வழக்கமாகப் போகிற கோயிலில், உங்களுக்குத் தெரிந்த அர்ச்சகரோ பூசாரியோ சொல்கிறபடி செய்யுங்கள். கலசத்தில் நகை வைத்தே ஆக வேண்டும் என்று சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

சீருடையும் அடையாள அட்டையும்

கேஸ் ஆள், ஈபி ஆள், கார்ப்பரேஷன் ஆள். இவர்களில் உண்மையானவர்களும் வருகிறார்கள், போலிகளும் வருகிறார்கள் என்பதுதான் சிக்கல். கழுத்தில் தொங்கும் அட்டையை எந்த ஜெராக்ஸ் கடையிலும் அச்சடித்து லேமினேட் செய்துவிடலாம். காக்கிச் சட்டை எந்தத் துணிக்கடையிலும் கிடைக்கும். அட்டையைப் பார்ப்பது தவறில்லை, ஆனால் அது எதையும் நிரூபிக்காது.

நிரூபிப்பது ஒரு தொலைபேசி அழைப்பு. அதையும் அவர் தருகிற எண்ணுக்குச் செய்யக் கூடாது. மறுமுனையில் அவருடைய கூட்டாளிதான் எடுப்பார். உங்கள் கேஸ் புத்தகத்தில் ஏஜென்சியின் எண் இருக்கிறது. "சோதனைக்கு ஆள் அனுப்பியிருக்கீங்களா, பேர் என்ன" என்று அங்கே கேளுங்கள். வீட்டு இணைப்புகளை ஏஜென்சிகள் இடையிடையே சோதிப்பது உண்மை. அதைச் சாக்காக வைத்து, நல்ல டியூபையும் ரெகுலேட்டரையும் "காலாவதி" என்று கழற்றி, மட்டமான ஒன்றை மாட்டிப் பணம் கறக்கிறவர்களும் இருக்கிறார்கள். டியூபில் அச்சிட்டிருக்கும் ஆண்டை நீங்களே பாருங்கள். மாற்ற வேண்டுமென்றால் ஏஜென்சியிலேயே வாங்குங்கள். கேஸ் கசிவு என்றால் மட்டும் காத்திருக்க வேண்டாம். 1906 என்ற எண்ணை நீங்களே அழைக்க வேண்டும். கசிகிறது என்று யாரோ தாமாக வந்து சொன்னால், சிலிண்டரை மூடி, ஜன்னல்களைத் திறந்துவிட்டு, அவரை வெளியே நிறுத்தியபடியே அழையுங்கள்.

மின்வாரியக் கணக்கீட்டாளர் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வருகிறார்; மீட்டர் இருக்கும் இடத்தோடு அவர் வேலை முடிந்தது. வாசலில் வைத்து ரொக்கம் வாங்குவது அவர் வேலையில்லை. "பில் பாக்கி, இப்பவே கட்டலைன்னா கட் பண்ணிடுவோம்" என்றால், மின்னகத்தின் 94987 94987 எண்ணில் உங்கள் இணைப்பு எண்ணைச் சொல்லிக் கேட்டுவிடலாம். கொசுப்புழு தேடி வருகிற மாநகராட்சிப் பணியாளர்கள் தொட்டியையும் பூந்தொட்டித் தட்டையும் பார்க்க வேண்டியவர்கள். அவர்கள் செய்வது நமக்காக. கூடவே நடந்து காட்டி, கூடவே நடந்து வழியனுப்புங்கள். பீரோ இருக்கும் அறைக்கு அவர்களுக்கு வேலை இல்லை. 2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு வருகிறவரும் அப்படித்தான். அவருடைய கேள்விகளுக்குப் பதில் சொல்வது நம் கடமை. ஆனால் வங்கிக் கணக்கு எண்ணோ ஓடிபியோ அவருக்குத் தேவையில்லை. கேட்டால் அவர் கணக்கெடுக்க வந்தவர் இல்லை.

அழைத்துப் பேசும்வரை ஆள் கேட்டுக்கு வெளியே நிற்கட்டும். அட்டையைக் கம்பிக்கு அருகே பிடிக்கச் சொல்லி, அவர் முகமும் சேர்ந்து தெரிய செல்போனில் படம் எடுத்துக் குடும்பத்தின் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்புங்கள். நிஜப் பணியாளர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார். போலி அவசரப்படுவார், சத்தம் போடுவார், அல்லது "அடுத்த தெருவை முடிச்சிட்டு வர்றேன்" என்று நகர்ந்துவிடுவார்.

நீங்கள் ஆர்டர் செய்யாத பார்சலுக்குப் பணம் கேட்டால், யாருடைய பெயரில் இருந்தாலும் திருப்பி அனுப்புங்கள். குலுக்கலில் பரிசு விழுந்திருக்கிறது, வரி மட்டும் கட்டுங்கள் என்கிறவர்களுக்கும் அதே பதில். வீடு தேடி வந்து விற்றவர் பொருளில் ஏமாற்றிவிட்டால் நுகர்வோர் உதவி எண் 1915.

இரண்டு பேராக வந்தால்

பாலிஷ்காரன் உங்கள் கையாலேயே வாங்கிப்போகிறான். இந்த வகையினர் நீங்கள் வேறு பக்கம் பார்க்கும்போது எடுத்துப்போகிறவர்கள். ஒருவர் பேசுவார், இன்னொருவர் எடுப்பார். முன்வாசலில் ஒருத்தி "மயக்கமா வருது, கொஞ்சம் தண்ணி குடுங்கம்மா" என்று நிற்பாள். நீங்கள் சமையலறைக்குப் போகிற அரை நிமிடத்தில் ஹாலில் சார்ஜில் போட்டிருக்கும் போன், ஃபிரிட்ஜ் மேல் வைத்த பர்ஸ், ஆணியில் தொங்கும் பீரோ சாவி போய்விடும். அல்லது முன்வாசலில் பேச்சு நீளும்போது கொல்லைக் கதவு வழியாக ஒருவன் உள்ளே வந்து போயிருப்பான். துணி காயப்போட அந்தக் கதவைத் திறந்து வைத்ததை நீங்கள் மறந்திருப்பீர்கள்.

இதற்குச் செலவில்லாத பழக்கம் ஒன்று உண்டு. மணி அடித்ததும் முன்பக்கம் போகாதீர்கள். முதலில் கொல்லைக் கதவின் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுப் போங்கள். மணி அடித்தவர் அரை நிமிடம் கூடுதலாக நிற்பதால் ஒன்றும் ஆகிவிடாது.

முன்பக்கத்தில் கிரில் கேட் இருக்கிற வீடுகளில் பெரும்பாலும் அதைப் பகலில் சும்மா சாத்திவைக்கிறோம், இரவில்தான் பூட்டுகிறோம். மாற்றிப் பழகுங்கள்: பகலிலும் பூட்டு. மரக்கதவைத் திறந்துவைத்துக் காற்று வாங்கலாம், கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று எவ்வளவு நேரமும் பேசலாம். கிரில் இல்லாத அடுக்குமாடி வீட்டில் கதவுச் சங்கிலியும், கதவில் பார்வைக் கண்ணாடியும் ஒரு தச்சர் அரை நாளில் செய்து முடிக்கிற வேலை. சங்கிலியைப் பெரியவர்களின் கைக்கு எட்டுகிற உயரத்தில், நீளமான திருகாணி போட்டு, கதவு நிலையிலேயே பொருத்தச் சொல்லுங்கள். சாவியைப் பூந்தொட்டியின் அடியிலும் மீட்டர் பெட்டியிலும் செருப்பு ஸ்டாண்டிலும் வைக்கிற வழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். திருடன் முதலில் கை வைக்கும் மூன்று இடங்கள் அவை.

தண்ணீர் விஷயத்தில் எனக்கு உறுதியான கருத்து ஒன்று உண்டு. கொளுத்துகிற வெயிலில் ஒருவர் தண்ணீர் கேட்டால் இல்லை என்று சொல்ல நாம் பழகக் கூடாது. கேட்டுக்கு வெளியே நிழலில் ஒரு மண்பானையும் டம்ளரும் வையுங்கள். தபால்காரரும் குப்பை எடுக்கிறவரும் கொரியர் பையனும் குடிப்பார்கள். கதவைத் திறக்காமலே தாகம் தீர்ந்துவிடும்.

டு-லெட் பலகை தொங்கும் வீட்டுக்குத் தனிக் கவனம் வேண்டும். அந்தப் பலகை, முன்பின் தெரியாதவர்களை வீட்டுக்குள் அழைக்கிறது. பகலில் தனியாக இருக்கும்போது யாருக்கும் வீட்டைக் காட்ட வேண்டாம். பலகையில் எண்ணை மட்டும் எழுதுங்கள், முதலில் போனில் பேசட்டும், வீட்டில் இன்னொருவர் இருக்கிற மாலை நேரத்தை நீங்கள் சொல்லுங்கள். காட்டும்போது காலிப் போர்ஷனை மட்டும் காட்டுங்கள். தம்பதியாக வந்தவர்களில் ஒருவர் மாடிக்கும் ஒருவர் சமையலறைக்கும் போனால், "சேர்ந்தே பார்க்கலாம் வாங்க" என்று கூப்பிட்டுக்கொள்ளுங்கள். கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தோம் என்கிறவர்கள் யார் வீட்டுக் கல்யாணம் என்று தெளிவாகச் சொல்லவில்லையென்றால், பத்திரிகையைக் கம்பி வழியாக வாங்கிக்கொண்டு சந்தோஷமாக வாழ்த்தி அனுப்பலாம்.

ரெய்டு என்று வந்தால்

1987 மார்ச்சில் பம்பாய் ஓபரா ஹவுஸ் பகுதியில் உள்ள பிரபல நகைக்கடைக்குள் சிபிஐ என்று சொல்லிக்கொண்டு ஒரு கூட்டம் நுழைந்தது. தலைவனைத் தவிர மற்ற எல்லோரும், பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்து நேர்முகத் தேர்வுக்கு வந்த அப்பாவி இளைஞர்கள். தாங்கள் செய்வது அரசாங்க வேலை என்றே அவர்கள் நம்பினார்கள். நகைகளை அள்ளிக்கொண்டு தலைவன் மறைந்தான். தமிழில் 2018இல் வந்த 'தானா சேர்ந்த கூட்டம்' படத்தின் வேர் இந்தச் சம்பவம்தான். இன்று வருமானவரித் துறை என்ற பெயரில் வியாபாரிகள் வீட்டிலும் ஓய்வுபெற்றவர்கள் வீட்டிலும் இதே நாடகம் நடக்கிறது. எல்லோருடைய செல்போனையும் வாங்கி வைத்துவிட்டு ஆரம்பிப்பார்கள்.

நிஜமான சோதனைக்கு நடைமுறை உண்டு. பொதுவாக வாரண்டைக் காட்டுவார்கள். போலீஸ் சோதனை என்றால், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா சட்டப்படி, அக்கம்பக்கத்திலிருந்து இரண்டு சாட்சிகளை அழைக்க வேண்டும், சோதனையை ஒலி-ஒளிப் பதிவு செய்ய வேண்டும், எடுத்ததைப் பட்டியலிட்டு அதன் நகலை உங்களுக்குத் தர வேண்டும். பெண்களைப் பெண் மட்டுமே சோதிக்கலாம். ஆகவே கேட்டுக்கு உள்ளே நின்றபடியே, "வாரண்டைக் காட்டுங்க சார், எதிர்வீட்டு ஐயாவைக் கூப்பிடுறேன், ஸ்டேஷனுக்கும் ஒரு போன் பண்ணிடுறேன்" என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. அரசு ஊழியராக வேடமிட்டு வருவதே தனிக் குற்றம். அதற்கு ஆறு மாதத்துக்குக் குறையாத சிறை உண்டு.

வீட்டுப் பெரியவர்களோடு

"யார் வந்தாலும் கதவைத் திறக்காதீங்கம்மா" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்த வாக்கியத்தால் பயன் இல்லை. மணி அடிக்கும்போது எதிரில் நிற்பது "யாரோ" இல்லை; பெயர் சொல்லி, சிரித்து, மரியாதையாகப் பேசுகிற ஒரு மனிதர். அவரிடம் என்ன சொல்ல வேண்டும் என்பதை அம்மாவுக்கு நீங்கள் சொல்லிக்கொடுக்கவில்லை.

பெரியவர்கள் பலரும் தாமாகச் சொல்கிற பதில் ஒன்று: "பையன் ஆபீஸ் போயிருக்கான், சாயங்காலம் வாங்க." பணிவான பதில்தான். ஆனால் வீட்டில் தனியாக இருக்கிறேன், சாயங்காலம் வரை யாரும் வர மாட்டார்கள் என்ற இரண்டு தகவல்களும் அதில் இருக்கின்றன. அதற்குப் பதிலாக, "இப்ப முடியாது. நம்பரை எழுதி கேட்ல செருகிட்டுப் போங்க, நாங்க கூப்பிடுறோம்" என்று சொல்லப் பழக்குங்கள். கதவை நோக்கி நடக்கும்போதே உள்பக்கம் திரும்பி, "ஏங்க, யாரோ வந்திருக்காங்க" என்று உரக்கச் சொல்லச் சொல்லுங்கள். உள்ளே யாரும் இல்லாவிட்டாலும் வெளியே நிற்பவருக்கு அது தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இதை நடித்துப் பாருங்கள். மகன் கேட்டுக்கு வெளியே நின்று ஈபி ஆளாகப் பேசட்டும், பேத்தி தண்ணீர் கேட்கட்டும், அம்மா கம்பிக்கு உள்ளே நின்று பதில் சொல்லட்டும். முதலில் சிரிப்பு வரும். வாயில் ஒரு தடவை வந்துவிட்ட வாக்கியம், பதற்றத்திலும் வரும். காதால் மட்டும் கேட்ட அறிவுரைக்கு அந்த உறுதி கிடையாது. மகனுடைய எண், மகளுடைய எண், எதிர்வீட்டு எண், 100 ஆகிய நான்கையும் பெரிய எழுத்தில் எழுதிக் கதவுக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். முதியோருக்கென்றே 14567 என்ற உதவி எண்ணும் இருக்கிறது. பகலில் எப்போது கூப்பிட்டாலும் எரிச்சல்படாமல் எடுங்கள். "மீட்டிங்ல இருக்கேன், சும்மா சும்மா கூப்பிடாதீங்க" என்று ஒரு முறை கடிந்துவிட்டால், உண்மையிலேயே தேவைப்படும் நாளில் அம்மா கூப்பிட மாட்டார்.

சந்தேகத்துக்கும் வரம்பு வேண்டும். 2018 மே மாதம், சென்னையிலிருந்து குலதெய்வக் கோயிலுக்குக் கிளம்பிய ஒரு குடும்பம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே அத்திமூரில் வண்டியை நிறுத்தியது. அங்கிருந்த குழந்தைகளுக்கு அவர்கள் மிட்டாய் கொடுத்ததைப் பார்த்து, வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருந்த குழந்தைக் கடத்தல் வதந்தியை நம்பிய கூட்டம் அவர்களை அடித்தது. வயதான ஒரு பெண் செத்துப்போனார். பேச்சுவழக்கு வேறு, தோல் நிறம் வேறு, வடநாட்டு முகம், ஊர் ஊராகப் போகிற சாதி என்றெல்லாம் பார்த்துத் திருடனைக் கண்டுபிடிக்க முடியாது. பிறப்பை வைத்தே மனிதர்களைத் திருடர்கள் என்று முத்திரை குத்திய குற்றப்பரம்பரைச் சட்டம் 1871இல் வந்தது. அதை நாடு முழுவதும் நீக்குவதற்கு 1952 வரை ஆனது. அதன் காயம் இன்னும் ஆறவில்லை. இந்த அத்தியாயத்தில் சொன்ன எல்லா எச்சரிக்கையும் ஆளின் தோற்றத்தைப் பற்றியதல்ல, அவர் கேட்கிற காரியத்தைப் பற்றியது. நகையைக் கழற்றச் சொல்கிறாரா, உள்ளே வர அவசரப்படுகிறாரா, போன் செய்யவிடாமல் தடுக்கிறாரா என்று பாருங்கள். சந்தேகம் உறுதியானாலும் கை வைக்காதீர்கள். படம் எடுங்கள், வண்டி எண்ணைக் குறியுங்கள், 100க்குச் சொல்லுங்கள்.

நடந்துவிட்டால்

முதலில் வீட்டில் யாரும் திட்டாதீர்கள். ஏமாந்தவர் உள்ளுக்குள் ஏற்கெனவே உடைந்திருப்பார். திட்டுக்குப் பயந்து நாலைந்து நாள் மறைத்துவைப்பவர்கள் நிறைய. அந்த நாலைந்து நாளில் தெருக் கேமராக்களின் பதிவுகள் அழிந்துபோகலாம். எதிர்வீட்டிலும் முனைக் கடையிலும் அன்றைக்கே கேட்டு, அந்த நேரத்துப் பதிவை ஒரு பென்டிரைவில் வாங்கிவிடுங்கள்.

வந்தவர்கள் தொட்ட டம்ளர், டப்பா, காகிதம் எதையும் கழுவவோ எறியவோ வேண்டாம், கைரேகை இருக்கலாம். பாலிஷ் திரவத்தை விட்டுவிட்டு ஓடியிருந்தால் அதைக் கீழே கொட்டிவிடாதீர்கள். உங்கள் தங்கம் அதில்தான் கரைந்திருக்கிறது. கையில் படாமல், குழந்தைகளுக்கு எட்டாமல், காற்றோட்டமான வெளியிடத்தில் வைத்துப் போலீஸிடம் காட்டுங்கள். திரும்பி வந்த நகையை அன்றே கடையில் எடை போட்டுச் சீட்டு வாங்குங்கள்.

காவல் நிலையத்தில் சிஎஸ்ஆர் ரசீது கொடுத்தால் அதோடு திரும்பிவிட வேண்டாம். அது மனு வந்ததற்கான அத்தாட்சி மட்டுமே. வழக்குப் பதிவானதற்கு அடையாளம் எஃப்ஐஆர். அதன் நகல் உங்களுக்கு இலவசம். புகாரிலேயே கைது செய்யத்தக்க குற்றம் தெரிந்தால் எஃப்ஐஆர் போட்டே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013இல் சொல்லிவிட்டது. எந்த எல்லைக்குள் நடந்தது என்று தெரியாவிட்டாலும் எந்த நிலையத்திலும் கொடுக்கலாம். மறுத்தால், அதே புகாரை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்புங்கள்.

நகை கிடைத்த பிறகும் ஒரு படி இருக்கிறது. மீட்கப்பட்ட நகை நேராக வீட்டுக்கு வராது; நீதிமன்றத்தில் மனு போட்டுத்தான் வாங்க வேண்டும். அது உங்களுடையதுதான் என்று காட்ட வேண்டியிருக்கும். 2023 ஏப்ரலுக்குப் பிறகு வாங்கிய ஹால்மார்க் நகையில் எச்யுஐடி என்ற ஆறு இலக்கக் குறியீடு பொறித்திருக்கும். பழைய நகைக்குப் பில்லும் எடையும் படமும்தான் சான்று. இந்த வாரமே வீட்டிலுள்ள நகைகளை ஒரு வெள்ளைத் துணியில் பரப்பி, ஒவ்வொன்றையும் இரு பக்கமும் படம் எடுத்து, எடையையும் குறியீட்டையும் ஒரு நோட்டில் எழுதி, பில்களோடு சேர்த்து, நகை இருக்கும் பீரோவில் வைக்காமல் வேறு இடத்தில் வையுங்கள்.